படிக்க மறுக்கும் பிள்ளைக்கு வீட்டில் எந்தப் பாடத்திட்டம்? – கேள்வி பதில்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களை வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை இவை. பாடத்திட்டம் தேர்வது, நிலை கண்டுபிடிப்பது, தினசரி நடத்துவது ஆகியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மகனுக்கு 14 வயது. கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே சண்டை. இதுவரை மூன்று பாடத்திட்டம் மாற்றிவிட்டோம். நாலாவதாக எதை வாங்கலாம், அக்கா?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மூன்று புத்தகத்திலும் ஒரே சண்டை என்றால் கோளாறு புத்தகத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. கீழ் வகுப்பில் எங்கேயோ ஒரு படி உடைந்திருக்கிறது. அதைத் தாண்டி எந்தப் புத்தகத்தை வைத்தாலும் அவன் அதே இடத்தில்தான் தடுக்கி விழுவான்.

ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: 7 − 2(3 − 5). சரியான விடை 11. அவன் 3 என்று எழுதினால், 3-இலிருந்து 5-ஐக் கழித்தால் குறை எண் வரும் என்பதே பிடிபடவில்லை. 2 என்று வைத்துக்கொண்டு போயிருக்கிறான். −9 என்றால் அடைப்பை விரிக்கும்போது குறி தவறியிருக்கிறது. −10 என்றால் முதலில் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டு அப்புறம் பெருக்கியிருக்கிறான். எதை முதலில் செய்வது என்பதில் குழப்பம். மூன்றுமே தப்புதான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ‘தப்பு, திரும்பச் செய்’ என்று சொன்னால் இது எதுவும் உங்களுக்குத் தெரியவராது.

இதையே முறையாகச் செய்யுங்கள். இப்போதைய வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள ஆண்டிறுதித் தேர்விலிருந்து 20 கேள்வி எடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். அழிப்பான் தராதீர்கள், பேனாவால் எழுதட்டும், அடித்தது உங்கள் கண்ணில் பட வேண்டும். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். திருத்தும்போது ‘தெரியும்’, ‘தெரியும், கவனப்பிழை’, ‘தெரியாது’ என்று மூன்றாகப் பிரியுங்கள். 16 அல்லது அதற்கு மேல் சரி என்றால் அடுத்த வகுப்புத் தாளுக்குப் போங்கள். 12-க்குக் கீழே என்றால் இன்னும் ஒரு வகுப்பு இறங்குங்கள். நடுவில் நின்றால், தவறிய அத்தியாயங்களை மட்டும் எடுத்தால் போதும்.

அந்த அத்தியாயங்களை நகலெடுத்து, வகுப்பு எண் தெரியாமல் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். 14 வயதுப் பிள்ளையின் கையில் ‘6’ என்று அட்டையில் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அன்றைக்கே மூடிவிடுவான். தினம் 25 நிமிடம், ஆறு முதல் எட்டு வாரம். அதற்குப் பிறகுதான் பாடத்திட்டப் பேச்சு.

அப்போதும் முழு வருட செட்டை ஒரேயடியாக வாங்காதீர்கள். முதல் அலகு மட்டும். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

ஒரு தலைப்பை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் புத்தகமா, எல்லாத் தலைப்பும் சுற்றிச் சுற்றி வரும் புத்தகமா?

ஓட்டை உள்ள பிள்ளைக்கு முதல் வகை. சுற்றி வரும் புத்தகத்தில் ஒரு பாடத்துக்கு 25, 30 கணக்கு இருக்கும். அதில் புதுசு நாலைந்துதான், மீதியெல்லாம் பழையது. பழசு தெரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் தோல்வியிலேயே தொடங்கும். புரிந்துகொண்டு பத்து நாளில் மறந்துவிடுகிற பிள்ளைக்கு அதே புத்தகம் பொருத்தமானது. முதல் வகையை எடுத்தால் ஒரு வேலை உங்கள் தலையில் விழும்: வாரம் ஒருநாள், முடித்த அத்தியாயங்களிலிருந்து பத்துக் கேள்வி கலந்து கொடுக்க வேண்டும். விட்டால் மூன்றாம் மாதம் முதல் அத்தியாயம் நினைவில் இருக்காது.

மகளுக்கு 15 வயது, படிப்பில் ஆர்வமே இல்லை. எது நல்ல பாடத்திட்டம்?

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் பதிலில் உள்ள தேர்வை வைத்துவிட்டு மதிப்பெண்ணோடு கேளுங்கள்.

வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்கிறான், எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு எழுந்துவிடுகிறான். சோம்பேறித்தனம் என்கிறார் அவன் அப்பா.

அப்படி முடிவு கட்டும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு கேள்விக்கு அவன் இரண்டு நிமிடம் பேசட்டும், பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே கேள்விக்குப் பத்து நிமிடம் எழுதட்டும். பேச்சில் காரணம், எடுத்துக்காட்டு எல்லாம் இருந்து, எழுத்தில் மூன்று மொட்டை வாக்கியம்தான் என்றால் யோசனையில் குறையில்லை. கையெழுத்தோ எழுத்துக்கூட்டலோ அவனை இழுத்துப் பிடிக்கிறது.

அடுத்தது வாசிப்பு. பாடப் புத்தகத்திலிருந்து 100 சொல் அளவுள்ள பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லி, தடுக்கும் சொற்களை எண்ணுங்கள். ஐந்துக்குள் என்றால் தானாகவே படிக்கலாம். பத்து வரை என்றால் நீங்கள் கூட இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் இப்போது வேண்டாம். பொருளை விட்டுவிட்டுச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான்.

எழுத்துக்கு வழி: முதல் மாதம் அவன் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது குரலைத் தட்டச்சாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வந்ததை அவனே திருத்தட்டும். இரண்டாம் மாதம் முதல் பத்தி அவன் கையால், மீதி குரலால். இரண்டு மாதம் கழித்தும் கை நகரவில்லை என்றால் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். அது உறுதியானால் பல தேர்வு வாரியங்கள் கூடுதல் நேரம் தருகின்றன. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

விடைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறான். ஒளித்து வைக்கவா?

வேண்டாம், அவன் கையிலேயே கொடுங்கள். ஒரு கணக்குப் போடட்டும், உடனே விடையைப் பார்க்கட்டும், தப்பென்றால் வேறு நிறப் பேனாவால் எந்த வரியில் பிசகியது என்று குறிக்கட்டும். 30 கணக்கையும் தப்பான முறையில் போட்டு, சாயங்காலம் நீங்கள் திருத்தித் தரும்போது அந்தத் தப்பு முறை 30 தடவை பழகியிருக்கும்.

(கணக்கு ஆசிரியர் ஒருவர்) இதை ஏற்க முடியவில்லை, மேடம். படிக்க விருப்பமில்லாத பிள்ளையிடம் விடையைக் கொடுத்தால் யோசிக்கவே மாட்டான். திணறுவதில்தான் கற்றல் இருக்கிறது.

திணறலில் கற்றல் உண்டு சார், அடுத்த அடி எது என்று ஓரளவு தெரிந்த பிள்ளைக்கு. எங்கே கால் வைப்பது என்றே தெரியாதவன் அரை மணி நேரம் திணறி ‘எனக்கு வராது’ என்பதைத்தான் கற்றுக்கொள்கிறான். அதனால் ஒரு எல்லை வைக்கிறேன்: ஐந்து நிமிடம் முயற்சி, முயன்றது தாளில் தெரிய வேண்டும், அப்புறம்தான் விடை.

(இரண்டு பெண்களின் அப்பா) நாங்கள் இறுதி விடை மட்டும் கொடுக்கிறோம், வழிமுறையைத் தருவதில்லை. விடை பொருந்தும்வரை அவர்களே முட்டி மோதுகிறார்கள்.

நல்ல ஏற்பாடு. எண் விடை வரும் கணக்குக்கு நான் சொன்னதைவிட இதுவே மேல். நிரூபணக் கணக்குக்கு மட்டும் இது உதவாது, அங்கே வழிமுறைதான் விடை.

(அதே ஆசிரியர்) அப்படியானால் காப்பி அடிப்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பீர்கள்?

மறுநாள் காலை, அதே பாடத்திலிருந்து எண்களை மாற்றி மூன்று கணக்கு. விடைப் புத்தகம் இல்லை, பத்து நிமிடம். வீட்டுப்பாடத்தில் பத்துக்குப் பத்து, இதில் மூன்றுக்கு ஒன்று என்றால் காப்பி. அதைக் குற்றமாக்காமல் கணக்கின் எண்ணிக்கையைப் பாருங்கள். 30 கணக்கு என்றால் எட்டாக்குங்கள்: புது வகையில் நாலு, பழையதில் மூன்று, கடினமானது ஒன்று. எட்டில் ஏமாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் போய்விடும். அலகுத் தேர்வின் விடைகள் மட்டும் உங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும். அந்த இடத்தில் ஆசிரியர் சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன்.

(முதலில் கேட்ட அம்மா) எட்டுக் கணக்கு போதுமா? பள்ளியில் 30 போடுவார்களே!

எட்டையும் புரிந்து போட்டால் போதும். மூன்று நாள் கழித்து அதே வகையில் இரண்டு, பத்து நாள் கழித்து இரண்டு கொடுங்கள். ஒரே நாளில் 30 போடுவதைவிட இப்படிப் பிரித்துப் போட்டால் நினைவில் தங்கும்.

ஒரு பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற பழைய அளவு உண்டு, கார்னகி அலகு என்பார்கள். 36 வாரம், வாரம் ஐந்து நாள் என்றால் தினம் 40 நிமிடம். மறுக்கும் பிள்ளைக்கு 20, 20 ஆக உடையுங்கள். முதல் மாதம் மூன்று பாடத்தோடு நிறுத்துங்கள். ஆறு பாடத்தையும் முதல் திங்கட்கிழமையே தொடங்கினால் இரண்டாம் வாரமே குலைந்துவிடும்.

வீடியோப் பாடம் எடுத்தால் ஆர்வம் வருமா? நாங்கள் ஓர் ஆண்டுச் சந்தா கட்டலாம் என்றிருக்கிறோம்.

ஆண்டுச் சந்தா வேண்டாம், ஒரு மாதம் பாருங்கள். கான் அகாடமி போன்ற இலவசத் தளத்தில் முதலில் சோதிக்கலாம். ‘முடிந்தது’ என்று பச்சைக் குறி விழுந்தால் படித்தான் என்று அர்த்தமில்லை. ஓடவிட்டுவிட்டு வேறு எதையாவது பார்த்தாலும் அந்தக் குறி விழும். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மூடி வைத்துவிட்டு, கேட்டதை மூன்று வரியில் எழுதட்டும். எழுத முடியாத பகுதியை மட்டும் திரும்பப் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் படித்தேன். இருந்தாலும் ஒன்றே ஒன்று மட்டும் பெயர் சொல்லுங்களேன்: சிறந்த பாடத்திட்டம் எது?

இதே கேள்வி இன்று ஐந்தாவது தடவை வருகிறது. பெயர் சொன்னால் நிலை பார்க்காமல் வாங்குவீர்கள், பிள்ளை மறுபடி தோற்பான். சொல்ல மாட்டேன். 20 கேள்வித் தேர்வை வையுங்கள்.

அறிவியல் தியரி என்றாலே வெறுப்பு. வீட்டில் ஆய்வகமும் இல்லை.

நூல், ஒரு இரும்பு நட்டு, கைபேசிக் கடிகாரம் போதும். ‘நூலைப் பாதியாக்கினால் ஆடும் நேரமும் பாதியாகுமா?’ என்று முதலில் கேட்டு அவன் பதிலை எழுதி வாங்குங்கள். பிறகு நட்டை ஒரு மீட்டர் நூலில் கட்டித் தொங்கவிட்டு, 20 ஆட்டத்துக்கு (போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம்) எவ்வளவு நேரம் என்று அளக்கட்டும்: ஏறக்குறைய 40 வினாடி. அரை மீட்டரில் 20 வராது, 28 வரும். 20 வர வேண்டுமானால் நூல் 25 சென்டிமீட்டர் ஆக வேண்டும். ‘ஏன்?’ என்று அவன் கேட்கும் நேரத்தில் சூத்திரப் பக்கத்தைத் திறங்கள். நீளத்தை முடிச்சிலிருந்து நட்டின் நடுவரை அளக்க வேண்டும்; சிறிதளவே இழுத்துவிட வேண்டும். விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணினால் 19 ஆட்டம்தான் கிடைக்கும், 38 வினாடி காட்டும். ‘பூஜ்யம்’ என்று தொடங்கட்டும்.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான சர்வதேசத் தேர்வு) தனித்தேர்வராக எழுதும் எண்ணம் இருந்தால், இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தாள் எடுக்கலாம். அந்தத் தாளும் இப்படிப்பட்ட அளவீட்டுப் பிழைகளைத்தான் கேட்கும். தனித்தேர்வரை ஏற்கும் மையம் எது என்பதைப் புத்தகம் வாங்கும் முன் விசாரியுங்கள்.

காலையில் எழவே மாட்டேன் என்கிறாள், 16 வயது.

இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகும். எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கமும் தேவை. பாடத்தைப் பத்து மணிக்குத் தொடங்குங்கள். கடினமான பாடம் முதலில் வேண்டாம்.

மகன் இரண்டு மாதமாக அறையை விட்டு வருவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது, முன்பு விரும்பியதையும் தொடுவதில்லை. எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

புத்தகம் வேண்டாம் அம்மா. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாடத்தை முழுக்க நிறுத்திவையுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

வீட்டில் படித்தால் சட்டப்படி செல்லுமா? கல்லூரியில் சேர்ப்பார்களா?

நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் கல்வித் துறையிடமும், சேர நினைக்கும் கல்லூரியிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் சொல்வதற்கு முன்பே முழு செட்டும் வாங்கிவிட்டோம். இப்போது அவன் தொட மாட்டேன் என்கிறான்.

கவலைப்படாதீர்கள், அதையும் உபயோகிக்கலாம். அடுக்கி வைத்த மொத்தத்தையும் அவன் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதித் தேர்வையும் முதலிலேயே கொடுங்கள். 80 சதவீதம் எடுத்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம், அதை அவன் எதிரிலேயே அடித்துவிடுங்கள். மீதியிலிருந்து இரண்டை எடுத்து, எது முதலில் என்பதை அவனிடம் விடுங்கள். அந்த ஓர் அத்தியாயம் மட்டும் மேசைமேல் இருக்கட்டும்.