ஒரு மணி நேரத்தில் வரும் வெள்ளத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதா?

“செயலி லேசான மழை என்றது, ஒரு மணி நேரத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். இந்தக் கணிப்பெல்லாம் எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியோ வீட்டுச் சாமானோ நனைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் ரேடார் திரை முன்னால் இரவுப் பணி பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அடுத்த சில மணி நேரத்துக்கான கணிப்பை நௌகாஸ்ட் என்பார்கள். மழைமேகம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ரேடாரில் பார்த்து, அதே போக்கில் முன்னால் நகர்த்திப் பார்ப்பதுதான் அடிப்படை. ஏற்கெனவே உருவான மேகத்துக்கு இது சரியாக வரும். இன்னும் பிறக்காத மேகத்தை என்ன செய்வது? தனி இடிமேகத்தின் ஆயுளே பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான். 2021-ல் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம், பிரிட்டன் வானிலை அலுவலகத்தோடு சேர்ந்து நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு முறைகூட ஒன்றரை மணி நேரம் வரைக்கும்தான் பார்த்தது.

ஓர் இரவு, கணக்குப்படி மழை அரை மணியில் விலக வேண்டும். திரையில் மேகங்களும் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு புதிய படத்திலும், அதே ஓடைக்கு மேலே கனமழையைக் காட்டும் இன்னொரு சிவப்புப் பொட்டு முளைத்தது. ஒன்று நகர்ந்தால் அதே இடத்தில் அடுத்தது. எச்சரிக்கை அனுப்பச் சொன்னேன். “அங்கே இருக்கிற மழைமானி பூஜ்யம் காட்டுகிறதே” என்றார் என் மேலதிகாரி. முந்தைய வாரம் அனுப்பிய எச்சரிக்கை பொய்த்து, அதற்கு வாங்கிய திட்டு அவருக்கு மறக்கவில்லை. சுற்றியிருந்த மானிகள் எல்லாம் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தன. உறுதி செய்துவிட்டு அனுப்புவதற்குள் ஓடை சாலையில் ஏறிவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் மானியின் புனல் முழுக்கச் சருகு.

“ரேடார் மட்டும் தப்பே காட்டாதா?” என்று யாராவது வருவீர்கள். காட்டும். ஆலங்கட்டி இருந்தால் மழையைக் கூட்டிக் காட்டும். தூரம் போகப் போக அது அனுப்பும் அலைக்கற்றை உயரே போய்விடுவதால் கீழே பெய்வது தெரியாமல் போகும். மானி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்கிறேன்.

அப்புறம், மழை அளவு பாதிக் கதைதான். ஓர் ஓடைக்குத் தண்ணீர் வந்து சேரும் 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 50 மி.மீ. பெய்தால் 50 கோடி லிட்டர். காய்ந்த மணல் அதில் நிறையக் குடித்துவிடும். ஏற்கெனவே ஊறிய மண்ணும் கான்கிரீட்டும் அப்படியே ஓடையில் தள்ளிவிடும். உங்கள் செயலி வானத்தை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் அது காட்டும் மழை வாய்ப்புச் சதவீதத்தை விடுங்கள், ரேடார் படங்களைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் மழை முளைத்துக்கொண்டே இருந்தால் வண்டியை அப்போதே மேட்டுக்கு எடுத்துப் போங்கள். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்னக் காரை இழுத்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எப்போதோ எடுத்த வெள்ள வீடியோவை “இப்போது” என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களே, அன்றிரவு எங்கள் தொலைபேசி முழுக்க அதைப் பற்றிய விசாரிப்புதான். ஓடைக்கரையிலிருந்து நிலவரம் சொல்லக் கூப்பிட்டவருக்கு இணைப்பே கிடைக்கவில்லை.