பனியன் கம்பெனி வேலைக்கு எதற்குப் பட்டப்படிப்பு?

அம்மா, வணக்கம். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு திருப்பூரில் பின்னலாடை சம்பந்தமான பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்கிறான். அவன் அப்பாவோ, "ஓவர்லாக் தையல் மிஷினில் உட்காரவா மூன்று வருஷம் ஃபீஸ் கட்டுவது?" என்கிறார். அமெரிக்க வரிச் செய்தியைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கும் பயம். இரண்டும் வேறு வேறு பயம், தனித்தனியாகப் பார்ப்போம்.

ஒரு டி-சர்ட்டின் வேலை முழுக்க ஒரே கூரைக்குக் கீழ் முடிவது திருப்பூரில் குறைவு. நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் ஒரு இடம், சாயப்பட்டறை இன்னொரு இடம், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி டெம்போவில் ஊரையே சுற்றி வரும். அப்புறம்தான் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் யாருக்கோ ஒரு கூலி. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் தரும் டாலர் இப்படிச் சில்லறையாகி, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளமாகி, அன்று ராத்திரியே மளிகைக் கடைக்கும் கறிக்கடைக்கும் வாடகைக்கும் போய்விடும். 2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள் என்றால் சும்மாவா?

ஆனால் டாலர் விலை ஏறினால் டெய்லர் கூலி ஏறிவிடாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் சில வருஷங்களுக்கு ஒருமுறை போடும் ஒப்பந்தப்படிதான் ஏறும். மற்றபடி, அந்த வாரம் எத்தனை ஷிப்ட் கிடைத்தது என்பதுதான் கணக்கு. ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் லீவு. அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

தம்பி படிக்கப் போவது அந்த மிஷினுக்கு இல்லை. பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் இருக்கும் மேஜைக்கு. பையர் ஒரு நீலத்தைக் கேட்கிறார் என்று வையுங்கள். சாயப்பட்டறை லேபிலிருந்து சாம்பிள் துணி வருகிறது. டியூப் லைட்டில் சரியாக இருக்கும் நிறம் வெயிலில் கொஞ்சம் பச்சை அடிக்கும். அதைப் பலவித வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து "இது போகாது" என்று அங்கேயே நிறுத்தத் தெரிந்தவர் பல ஆயிரம் பீஸைக் காப்பாற்றுகிறார். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி, வேஸ்ட் எவ்வளவு, நூல் விலை ஏறினால் எத்தனை சென்ட் கூடக் கேட்பது என்று காஸ்டிங் போடுபவருக்கும் அதே மதிப்பு. இந்த வேலைகளுக்கு மாதச் சம்பளம். தொடக்கத்தில் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஷிப்மெண்ட் நேரத்தில் வீட்டுக்கு வர ராத்திரி பத்தாகும்.

இனி வரி. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அடி பலமாக விழுந்தது அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த கம்பெனிகளுக்கு. அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனோடு ஆடைகளுக்கு வரியில்லாத ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகவே வேலைக்குச் சேரும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது: எத்தனை நாட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

இந்த ஊர் இதைவிடப் பெரிய அடியும் வாங்கியிருக்கிறது. நொய்யல் ஆறு சாயக் கழிவால் மாசுபட்டதால் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் பட்டறைகள் மறுபடி ஓடின. தம்பிக்கு வேதியியல் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கத்தையும் பார்க்கட்டும். ஃபேஷன் என்ற பெயருக்கு மயங்கிச் சேருகிறவர்கள் அதிகம், சாயம் படிக்க வருகிறவர்கள் குறைவு.

கல்லூரியில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை மாதம் கம்பெனியில் பயிற்சி, போன வருஷம் முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேளுங்கள். அட்மிஷனுக்கு முன் தெரிந்தவர் கம்பெனியில் தம்பி பத்து நாள் இருந்து பார்க்கட்டும், முடிந்தால் ஷிப்மெண்ட் நெருக்கும் வாரத்தில். ஒருவேளை பிடிக்காமல் போனால் என்று, அதற்குள் பி.காம்.முக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.