யோகட் கப்பும் வீட்டு முத்தத்துக் கல்லும்

அக்கா வணக்கம். நான் யாழ்ப்பாணம், கொக்குவில். அம்மம்மாவுக்கு 84 வயசு. யோகட் கப், மாஜரின் பேணி, சொப்பிங் பாக் எல்லாம் கழுவிக் காயவைச்சு அடுக்கிறா. வீடு புதுசாக் கட்டி, முத்தம் முழுக்க இன்டர்லொக் கல் பதிச்சு நல்ல துப்புரவா வைச்சிருக்கிறம், ஸ்டோர் றூம்தான் பாக்கேலாது. மனுசி எறியச் சொல்லுறா. 2022 இல காஸ் இல்லாம நிக்கேக்கை தேங்காய்ப் பொச்சையும் பனை மட்டையையும் வைச்சு சமைச்சுத் தந்ததும் அம்மம்மாதான். உது சிக்கனமா, இல்லாட்டி ஏதும் நோய் வருத்தமா? பிள்ளையளுக்குச் சிக்கனத்தை எப்பிடிப் பழக்கிறது?

தம்பி,

வருத்தம் எண்ட சொல்லை வாசிச்சதும் கோவம்தான் வந்தது. அண்டைக்குச் சோறு போட்ட பொச்சு காஸ் வந்த கையோட குப்பையாப் போச்சோ? பிள்ளையளைப் பழக்கிறதை என்னட்டைக் கேக்காதேங்கோ, உண்டியல் ஒண்டு வாங்கிக் குடுங்கோ, மிச்சத்தை அதுகள் உங்களைப் பாத்து எடுக்குங்கள்.

நீங்கள் போற போக்கில எழுதின அந்த இன்டர்லொக் கல்லிலதான் நான் நிக்கிறன், கொஞ்ச நாளா மண்டைக்குள்ள இருந்த விசயம்.

எங்கட அப்பம்மா வீட்டில எறியிறது எண்டு ஒரு சொல்லே இல்ல, ஏனெண்டா எல்லாத்துக்கும் போற இடம் ஒண்டு இருந்தது. அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு, சிரட்டை அடுப்புக்கு, வேலி அடைச்சு உக்கின பனையோலை தோட்டத்துக்கை தாட்டு பசளையா, கிணத்தடியில குளிச்ச தண்ணி வாய்க்காலால ஓடி வாழைக்கு. நாங்கள் சின்னனில சவுக்காரம் போட்டுக் குளிக்கேக்கை அப்பம்மா வாழையடியில நிண்டு "இஞ்ச இன்னும் வரேல்ல, இன்னொரு வாளி ஊத்து" எண்டு கத்துவா. குளிக்கிறது எங்களுக்கோ வாழைக்கோ எண்டு தெரியாது! 1990 இல சண்டையால கரண்ட் நிண்டாப் பிறகு ஜாம் போத்தலுக்கை பஞ்சு வைச்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணை விட்டு விளக்குக் கொளுத்தினதை எல்லாரும் எழுதியாச்சு, நான் விடுறன்.

இப்ப அப்பிடிப் பழகின ஒரு மனுசியைக் கொண்டுவந்து மாடில்லாத, வாழையில்லாத, மண்ணே இல்லாத வீட்டில விட்டா அவ என்ன செய்வா? கை சும்மா இராது, அடுக்கத்தான் செய்யும். சாமான் போற வழியை அடைச்சது நீங்கள், பழி அம்மம்மாவுக்கு.

இன்னொண்டு கேளுங்கோ. எங்கட ஊரில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால இறங்கி, கீழ இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல ஒரு அடுக்கா நிக்கும், அதைத்தான் அள்ளிக் குடிக்கிறம். கூட இழுத்தா உப்பு மேல வரும். கிணத்தடித் துலாவை ஆக்கள் மிதிச்சுத் தண்ணி இறைச்ச காலத்தில ஆள் களைச்சா இறைப்பும் நிண்டிடும், கிணறும் மூச்சு விடும், மோட்டருக்குக் களைப்பும் இல்ல ஒண்டும் இல்ல. அப்ப தண்ணி எடுக்கிறதுக்கும் அளவில்ல, மழை இறங்கிறதுக்கும் வழியில்லாமக் கல்லைப் பதிச்சுப்போட்டு, பைப்பை இறுக்கிப் பூட்டு எண்டு பிள்ளைக்குச் சிக்கனம் படிப்பிக்கப் போறியள். என்ன விசர்க்கதை இது?

பேசுறன் எண்டு நினையாதேங்கோ, நானும் உதையேதான் செய்தனான். கல்லுப் பதிக்கேக்கை அம்மா ஒண்டும் சொல்லேல்ல. முதல் மழைக்கு முத்தத்துத் தண்ணி முழுக்க ரோட்டுக்கு ஓடினது, அவ பாத்துக்கொண்டு நிண்டிட்டு உள்ள போய் வாளி, சட்டி, ஐஸ்கிறீம் பெட்டி எல்லாம் கொண்டுவந்து தாவாரத்தில வரிசையா வைச்சா. நான் சிரிச்சனான். அண்டைக்குச் சிரிச்சது இண்டைக்கும் குத்துது.

பேந்து வேப்பமரத்தைச் சுத்தி மூண்டு வரிசைக் கல்லை அலவாங்கால கிளப்பி எடுப்பிச்சன், கூலி தெண்டம்தான். போன கார்த்திகையில அந்த இடத்தில தண்ணி நிண்டு, குமிழி விட்டு விட்டுக் கீழ இறங்கினது. அம்மா கதிரையைப் போட்டு இருந்து பாத்தவ, தேத்தண்ணி ஆறினதும் தெரியாம.

யோகட் கப்பைப் பற்றிச் சொல்ல மறந்திட்டன். எறியாதேங்கோ, கறிவேப்பிலைக் கண்டு போடலாம், அம்மம்மாட்டைக் கேட்டா வைச்சுத் தருவா. அடியில ஓட்டை போட மறக்க வேண்டாம்.