கணினி கேள்வி பதில்: ஒரு முறை தொட்டால் இரண்டு ஏறுவது ஏன்?

கேள்வி: எம்.சி. ரோட்டில் உள்ள எங்கள் ஜவுளிக் கடைக்கு, பிரவுசரில் இயங்கும் பில்லிங் மென்பொருளை நானே எழுதினேன். மவுஸ் உள்ள கணினியில் சரியாக இயங்குகிறது. புதிதாக வாங்கிய தொடுதிரை பில்லிங் மெஷினில் மட்டும், ஒரு லுங்கியைத் தொட்டால் பில்லில் இரண்டு ஏறிவிடுகிறது. ஒரு தட்டலுக்குப் பின் அரை நொடி வேறு எதையும் ஏற்காதபடி தடுத்தேன். இப்போது கேஷியர் குறை சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கேஷியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே ரகத்தில் இரண்டு லுங்கி கேட்பவருக்கு அவர் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுவார். உங்கள் அரை நொடித் தடை அந்த இரண்டாவது தட்டலையும் விழுங்கிவிடுகிறது. பில்லில் ஒன்று கூடினால் வாடிக்கையாளரே சுட்டிக்காட்டுவார். ஒன்று குறைந்தால், ஸ்டாக் சரிபார்க்கும்போதுதான் தெரியவரும். எனவே முதலில் அந்தத் தடையை நீக்கிவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், 'டச்எண்ட்', 'கிளிக்' ஆகிய இரண்டு நிகழ்வுகளுக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. விரலைத் திரையிலிருந்து எடுத்ததும் பிரவுசர் டச்எண்ட் நிகழ்வை அனுப்புகிறது. அதன் பிறகு, மவுஸை மட்டும் நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்களும் தொடுதிரையில் இயங்க வேண்டும் என்பதற்காக, மவுஸ் நகர்ந்தது, அழுத்தப்பட்டது, விடப்பட்டது என்ற நிகழ்வுகளைத் தானே உருவாக்கி, கடைசியில் ஒரு கிளிக்கையும் அனுப்புகிறது. விரல் தொட்டது ஒரு முறைதான். உங்கள் நிரலுக்குச் செய்தி போனது இரண்டு முறை. மவுஸில் கிளிக் மட்டுமே வருவதால் அங்கே கணக்கு சரியாக இருக்கிறது.

இப்படி இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பயனர் இரட்டைத் தட்டலால் பக்கத்தைப் பெரிதாக்கப் போகிறாரோ என்று பார்ப்பதற்காக, மொபைல் பிரவுசர்கள் ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் சுமார் 300 மில்லிநொடி காத்திருந்துவிட்டுத்தான் கிளிக்கை அனுப்பின. அந்தத் தாமதத்தைத் தவிர்க்கவே பலரும் டச்எண்டைப் பிடித்தார்கள். பக்கத்தின் அகலம் திரையின் அகலத்துக்கு ஏற்றது என்று 'வியூபோர்ட்' (பக்கம் எந்த அகலத்தில் காட்டப்பட வேண்டும் என்று சொல்லும் வரி) மூலம் அறிவித்துவிட்டால், ஆண்ட்ராய்டு குரோம் 2014 முதலே காத்திருப்பதில்லை. காரணம் போய்விட்டது, நகலெடுக்கப்படும் நிரல்களில் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

சாதாரணப் பொத்தான்களுக்குக் கிளிக் ஒன்றே போதும். விரல், மவுஸ், கீபோர்டின் என்டர், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஆகிய நான்குக்கும் அது வேலை செய்யும். இழுத்து நகர்த்துவது, அழுத்திப் பிடிப்பது போன்றவற்றுக்கு மட்டும் 'பாயின்டர் ஈவன்ட்' முறைக்கு மாறுங்கள். மவுஸ், பேனா, விரல் மூன்றையும் ஒரே வழியில் தரும் இந்த முறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015-இல் தரமாக வெளியிட்டது. 2019-இல் சஃபாரியும் ஏற்றுக்கொண்டதால், இன்று எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இது கிடைக்கிறது. ஆனால் ஒரே பொத்தானுக்கு, விரலோ மவுஸோ விடப்பட்டதைச் சொல்லும் 'பாயின்டர்அப்', கிளிக் இரண்டையும் சேர்த்து வைத்தால் பழைய இரட்டைப் பதிவு திரும்பவும் வரும்.

மற்றொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். நிரல் தொடங்கும்போதே 'இது தொடுதிரைக் கருவியா?' என்று கேட்டு, அதன்படி இரண்டு பாதை பிரிக்காதீர்கள். உங்கள் பில்லிங் மெஷினில் நாளையே யாராவது ஒரு மவுஸைச் செருகலாம். இன்று பல லேப்டாப்களில் தொடுதிரையும் மவுஸும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தந்த நிகழ்வு எதனால் வந்தது என்பதை அதனுடன் வரும் 'பாயின்டர்டைப்' மதிப்பே சொல்லும்.

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலக் கணக்குக்கு ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். கூட்டல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விலை ஏறிக்கொண்டே போகும், விட்டால் நிற்கும். சில சமயம் கையை எடுத்த பிறகும் விலை நிற்காமல் ஏறுகிறது. ஈரக் கையால் தொட்டால் பக்கத்துப் பொத்தானும் அழுந்துகிறது.
– வாசகர், ராயபுரம்

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது முழுக்க நிரலின் பிழை. அழுத்தியபடி இருக்கும்போது போன் அழைப்பு வந்தாலோ, விரல் நழுவித் திரை உருளத் தொடங்கினாலோ, 'விரல் விடப்பட்டது' என்ற செய்தி உங்கள் பொத்தானுக்கு வராமலே போகலாம். அதற்குப் பதிலாக 'ரத்து' என்ற செய்தி வரும். ஆண்ட்ராய்டில் அது ஆக்‌ஷன் கேன்சல், ஐபோனில் டச்சஸ் கேன்சல்டு, பிரவுசரில் பாயின்டர்கேன்சல். விரல் விடப்படுவதை மட்டும் கவனித்து, ரத்தாவதைக் கவனிக்காத நிரலில், விலையை ஏற்றும் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். விடப்பட்டாலும் ரத்தானாலும் டைமரை நிறுத்துங்கள். காசு கைமாறும் இடத்தில் இந்த ஒரு வரியை விடுவது பெரிய தவறு.

ஈரத்தை நிரலால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. போன் திரை, விரல் அருகே வரும்போது ஏற்படும் மின்தேக்கத்தின் மாற்றத்தை அளக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கண்ணாடிமேல் பரவிய நீரையும் அது தொடுதலாக எடுத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் செய்யக்கூடியது பாதிப்பைக் குறைப்பது. ஒவ்வொரு தொடுதலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பொத்தானை முதலில் அழுத்திய எண்ணை மட்டும் பின்தொடருங்கள், இடையில் புதிதாக முளைக்கும் எண்களை ஏற்காதீர்கள். பொத்தானின் அளவுக்கு ஆண்ட்ராய்டு 48 டிபி (திரையில் நீளத்தைக் குறிக்கும் ஆண்ட்ராய்டின் அலகு) என்றும் ஆப்பிள் 44 பாயின்ட் என்றும் பரிந்துரைக்கின்றன. ஓர் அங்குலத்துக்கு 160 டிபி என்பதால், 48 டிபி என்பது ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர்தான். உலர்ந்த விரலுக்கே அது குறைந்தபட்ச அளவு. ஏலக் கூடத்துக்கு அதைப்போல் இரு மடங்கு வைத்து, கூட்டலையும் கழித்தலையும் அருகருகே வைக்காமல் தள்ளி வையுங்கள். திரையின் இடது, வலது ஓரங்களையும் காலியாக விடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல், சைகை முறையை இயக்கியிருந்தால் ஓரத்திலிருந்து உள்ளே இழுப்பது 'பின்செல்' கட்டளையாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் 'சரியா?' என்று கேட்கும் பெட்டி வேண்டாம், ஏலத்தின் வேகத்தில் அதைப் படிக்காமலே அழுத்துவார்கள். கடைசிப் பதிவை நீக்கும் பெரிய பொத்தான் ஒன்றே மேல்.

கேள்வி: ஃப்ளட்டரில் (ஒரே நிரலைப் போனிலும் பிரவுசரிலும் இயக்க உதவும் மென்பொருள் கருவி) எழுதிய என் பட்டியல், போனில் விரலால் நன்றாக உருள்கிறது. அதையே குரோமில் இயக்கி மவுஸால் இழுத்தால் அசையவில்லை. என் நிரலில் தவறா?
– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

பதில்: தவறு இல்லை. மவுஸால் இழுப்பதை உருட்டலாகக் கொள்ளக் கூடாது என்று ஃப்ளட்டர் 2.5-இல் இயல்புநிலையை மாற்றினார்கள். மவுஸின் சக்கரம் வழக்கம்போல் வேலை செய்யும். உருட்டும் விதத்தைத் தீர்மானிக்கும் 'மெட்டீரியல் ஸ்க்ரோல் பிஹேவியர்' வகுப்பை நீட்டித்து, எவற்றால் இழுக்கலாம் என்று சொல்லும் 'டிராக் டிவைசஸ்' பட்டியலில் மவுஸையும் சேர்த்தால் இழுக்கலாம். கணினியில் மவுஸால் இழுப்பவர் பெரும்பாலும் எழுத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் நினைக்கிறார் என்பதால், பக்கவாட்டில் நகரும் படவரிசைகளுக்கு மட்டும் அதைச் சேர்த்து, நீளப் பட்டியல்களை இருந்தபடியே விட்டுவிடுங்கள்.