ஐ.ஆர்.ஏ. தளபதிக்கு அமைதி நோபலா? ஷான் மக்பிரைட் அமைச்சரானது எப்படி?

ஆமாம், ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவின் தளபதியும், பின்னாளில் அமைச்சராகி அமைதி நோபல் வாங்கியவரும் ஒரே ஆள்தான். ஷான் மக்பிரைட் 1904இல் பாரிசில் பிறந்தவர். கடைசிவரை அவர் ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாடை அடிக்கும். அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 எழுச்சியில் பங்கேற்றதற்காகத் தந்தையைப் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள். மகன் ஐ.ஆர்.ஏ.வில் சேர்ந்து, 1936இல் கொஞ்ச காலம் அதன் தலைமைத் தளபதியாகவே இருந்தார்.

1937இல் அயர்லாந்துக்குப் புது அரசியலமைப்பு வந்ததும் ஆயுதத்தை விட்டு வழக்கறிஞரானார். 1946இல் போர்ட்லீஷ் சிறையில் ஐ.ஆர்.ஏ. கைதி ஷான் மக்காகி உண்ணாவிரதமிருந்து இறந்தார். மரண விசாரணையில் மக்பிரைட் சிறை மருத்துவரிடம், உங்கள் நாயை இப்படி வைத்திருப்பீர்களா என்று கேட்டார். சற்றுத் தயங்கி, மாட்டேன் என்றார் மருத்துவர். நாடே அதிர்ந்தது.

அதே ஆண்டு கிளான் நா பொப்லக்டா கட்சியைத் தொடங்கினார். 1948இல் கூட்டணி அரசில் வெளியுறவு அமைச்சர். வட அயர்லாந்தைப் பிரிட்டன் பிரித்து வைத்திருக்கும் வரை நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர மாட்டோம் என்று நின்றது அயர்லாந்து. ஆனால் 1951இல் தாய்-சேய் இலவச மருத்துவத் திட்டத்தைக் கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தபோது, தன் கட்சி அமைச்சர் நோயல் பிரவுனையே பதவி விலகச் சொன்னார். என்னைக் கேட்டால் பெரிய சறுக்கல் அதுதான். அடுத்த தேர்தலில் கட்சி சுருண்டது.

அப்புறம்தான் ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பில் பணி, நமீபியாவுக்கான ஐ.நா. ஆணையர் பொறுப்பு, 1974இல் நோபல். சோவியத் நாட்டின் லெனின் அமைதிப் பரிசும் வாங்கியிருக்கிறார்!