மலையகம் போவோருக்கு: முற்பணம் அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டியவை

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் படகுகள் கரையேறிவிடுகின்றன. மே முதல் செப்ரெம்பர் வரை வெளியூராருக்கு அறை கொடுத்த எங்கள் ஊர், அதற்குப் பிறகு தானே அறை தேடி மலையேறுகிறது. அறையை விற்கும்போது 'சீசன்' என்ற சொல்லின் கனம் நமக்கு நன்றாகத் தெரிகிறது. அதே அறையை வாங்கப் போகும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். குளிர்காலப் பயணம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. மாமியாரும் இரண்டு பிள்ளைகளுமாக ஐந்து பேர் நுவரெலியாவுக்குப் போக விரும்புகிறோம். உண்மையான குளிரைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் கவலை. எந்த மாதம் பொருத்தமானது? (உப்புவெளி)

பதில்: கடல் மட்டத்திலிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், எந்த மாதத்தில் போனாலும் நமது கரையோரத்தைவிடப் பன்னிரண்டு பாகை அளவு குறைவாகவே அங்கு இருக்கும். ஆனால் பிள்ளைகள் கேட்கும் குளிர், அதாவது விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் குளிர், பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களுக்கே உரியது. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுவதால்தான் உறைபனி விழுகிறது. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையின் மேகங்கள் மலையை மூடியிருப்பதால் ஈரமும் நடுக்கமும் இருக்குமேயன்றி, அந்தக் காட்சி கிடைப்பது அரிது. ஏப்ரல் மாதத்து மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்கத் தகுந்தவையே. எனினும் அது விலை ஏறும் காலமேயொழிய குளிர் கூடும் காலமன்று. குளிருக்காகப் போகிறவர்கள் ஏப்ரலில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்த பின் பெப்ரவரி முடியும் வரை உள்ள வாரநாட்களே வானம் தெளிவாகவும் அறை விலை தணிந்தும் இருக்கும் நாட்கள். போயா தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதிகளையும், பெப்ரவரி 4 சுதந்திர தினத்தை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்றால், நத்தாருக்கு முந்திய நாளிலிருந்து புதுவருடம் வரையான நாட்களை விட்டுவிட்டு, விடுமுறையின் தொடக்க நாட்களை எடுங்கள். அப்போது மழை நிச்சயம் குறுக்கிடும் என்பதால், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முற்பணத்தைத் திருப்பித் தருவோம் அல்லது வேறு திகதிக்கு மாற்றித் தருவோம் என்ற உறுதியை விடுதிக்காரரிடமிருந்து எழுத்தில் பெற்ற பின்னரே பணம் அனுப்புங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் விளைவித்த மண்சரிவுகளை நாம் கண்ட பிறகு, இந்த நிபந்தனையைக் கேட்கத் தயங்குவதில் நியாயமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. புறப்படும் நாளுக்கு முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலும் நிலைமையைக் கேட்டறியலாம்.

உங்கள் மாமியாருக்கு மூச்சு இழுப்போ மூட்டு வலியோ இருந்தால், ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையில் தங்கிக்கொண்டு, பகலில் மட்டும் நுவரெலியாவைப் பார்த்துத் திரும்புவது நல்லது. வயதானவர்கள் ஓர் இரவு முழுவதும் நடுங்கிக் கிடந்தால் மறுநாள் பயணம் எவருக்கும் இனிக்காது.

கேள்வி: தொலைபேசியில் அறை இருபதாயிரம் ரூபா என்றார்கள். மூன்று நாள் தங்கிவிட்டுப் புறப்படும்போது ஏதேதோ சேர்த்துப் பெரிய தொகையை நீட்டினார்கள். பிள்ளைகள் வாகனத்தில் ஏறிவிட்ட நிலையில் வாதாட முடியாமல் கட்டிவிட்டு வந்தேன். இனி ஏதாவது செய்ய முடியுமா? (திருகோணமலை நகர்)

பதில்: முடியும், ஆனால் முதலில் கணக்கைப் பாருங்கள். ஹோட்டல்காரர்கள் பேச்சு வழக்கில் 'பிளஸ் பிளஸ்' என்று சொல்லும் விலையில் சேவைக் கட்டணமும் வரியும் அடங்குவதில்லை. வழக்கமான சேவைக் கட்டணம் 10 சதவீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். இரண்டையும் தனித்தனியே கூட்டினால்கூட 20,000 ரூபா அறை 25,600 ரூபாவாகிவிடுகிறது. மூன்று இரவுக்கு வேறுபாடு 16,800 ரூபா. ஒரு குடும்பத்தின் வாகனச் செலவில் பெரும்பங்கு இதிலேயே போய்விடும்.

பற்றுச்சீட்டை மீண்டும் எடுத்துப் பார்த்து, பெறுமதி சேர் வரி என்று தொகை அறவிட்டிருந்தால் அங்கே வரிப் பதிவு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரிக்குப் பதிவு செய்யாத விடுதி அந்தப் பெயரில் ஒரு ரூபாவும் கேட்க முடியாது. அடுத்தது, சொன்ன விலையும் வாங்கிய விலையும் வேறாக இருப்பது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம், 31 ஆம் பிரிவுகள், வாங்குபவரைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்யும் நடத்தையையும் பொய்யான கூற்றையும் வணிகருக்குத் தடை செய்கின்றன. முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தை அழைத்தால் வழி சொல்வார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்ற விடுதியாயின் அங்கும் எழுதலாம். உங்களிடம் உள்ள குறை, இருபதாயிரம் என்று சொன்னதற்குச் சான்று இல்லாமையே. பேசிய அன்றே "மூன்று இரவுக்கு, வரி உட்பட, மொத்தம் இவ்வளவு என்று சொன்னீர்கள், சரிதானே?" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, "ஆம்" என்ற பதிலைப் பெற்றிருந்தால், அந்த ஒரு சொல் இன்று உங்களுக்குப் பெருந்துணையாக இருந்திருக்கும். ஆனாலும் முறைப்பாடு செய்யுங்கள் என்றே சொல்வேன். அழைப்புப் பதிவும் பற்றுச்சீட்டும் இருந்தால் விசாரிக்க அவையும் உதவும்.

இனிப் போகும்போது "அறை என்ன விலை" என்று கேட்காமல், "நாங்கள் வெளியேறும் காலையில் மொத்தமாக எவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று கேளுங்கள். குளிர் இடத்துக்கே உரிய சில செலவுகள் நம்மைப் போன்ற கரையோரத்தாருக்கு மனதில் வருவதில்லை. அறையைச் சூடாக்கும் ஹீற்றருக்குத் தனிக் கட்டணமா, மேலதிகப் போர்வைக்குப் பணமா, சாரதிக்குப் படுக்கையும் சாப்பாடும் உண்டா, எத்தனை வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, ஹோர்ட்டன் சமவெளிப் பயணம் சேர்த்தது என்றால் நுழைவுச்சீட்டும் அதில் அடங்குமா என்பவை எல்லாம் முன்கூட்டியே கேட்கப்பட வேண்டியவை. எல்லாவற்றிலும் முக்கியமானது சுடுதண்ணீர். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் சுடுதண்ணீர் உண்டு என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது காலையில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வந்தது. அதிகாலை நான்கு மணிக்கு ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்பட வேண்டிய நாங்கள், குழந்தைக்கு முகம் கழுவக்கூட வழியில்லாமல் நின்றோம். உலக முடிவுப் பள்ளத்தாக்கைக் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி மறைத்துவிடும் என்பதால், அந்தப் பயணத்துக்கு விடியுமுன் புறப்படுவதைத் தவிர வேறு நேரம் இல்லை. ஆகவே 'சுடுதண்ணீர் உண்டா' என்பதோடு நிறுத்தாமல் 'எத்தனை மணிக்கு' என்றும் கேளுங்கள்.

கேள்வி: முகநூலில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவின் படங்களைப் பார்த்தேன். இன்றே முழுப்பணத்தையும் போட்டால் பாதி விலை என்கிறார்கள். நம்பலாமா? (கிண்ணியா)

பதில்: இன்றே, முழுப்பணம், பாதி விலை என்ற மூன்றும் ஒன்றாக வருமிடத்தில் பணம் அனுப்பாதீர்கள். அழகான படங்களை எவரும் வேறொருவரின் பக்கத்திலிருந்து எடுத்துப் போடலாம். வங்கிக் கணக்கு விடுதியின் பெயரில் உள்ளதா, தனியாளின் பெயரில் உள்ளதா என்று கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கத்தைக் கேட்டு அந்த அதிகார சபையிலேயே சரிபாருங்கள். காணொளி அழைப்பில் வாசலையும் பெயர்ப்பலகையையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான விடுதிக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். சிறு வீட்டு விடுதிகள் தனியாள் கணக்கையே பயன்படுத்துவதும் உண்டு என்பதால், அப்படிப்பட்ட இடத்தில் ஓர் இரவின் வாடகைக்கு மேல் முற்பணம் கொடாமல் மீதியைச் சென்று சேர்ந்த பின் கொடுப்பதாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் அந்த மணித்தியாலத்திலேயே வங்கிக்கு அறிவித்து, உரையாடல்களின் படங்களோடு பொலிஸில் முறையிடுங்கள். வெட்கப்பட்டுக் கொண்டு பேசாமல் இருப்பவர்களால்தான் அதே பக்கம் அடுத்தவரையும் ஏமாற்றுகிறது.

கேள்வி: எல்ல வரை புகையிரதத்தில் போக ஆசை. ஒருவர் முன்பதிவுச் சீட்டை மூன்று மடங்கு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். (மூதூர்)

பதில்: வாங்காதீர்கள். புகையிரதத் திணைக்களம் பயண நாளுக்கு 30 நாட்களுக்கு முன் ஆசனப் பதிவைத் திறக்கிறது; பதிவின்போது அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்படுகிறது. மற்றொருவரின் இலக்கத்தில் எடுத்த சீட்டோடு ஏறினால், கூடுதல் விலை கொடுத்தவரே பெட்டியில் பதில் சொல்ல வேண்டியவராவார். ஆசனம் கிடைக்காவிட்டால் முன்பதிவற்ற பெட்டிக்கான சீட்டை அன்றைய தினம் நிலையத்திலேயே வாங்கலாம். நின்று போக நேரலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நமது பகுதியினர் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. திருகோணமலைப் பாதை கல்லோயா, மாகோ வழியாகக் கொழும்பை நோக்கிச் செல்கிறது; மலையகப் பாதை பொல்காவலையில்தான் பிரிகிறது. எனவே கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து புகையிரதம் ஏறுவதே எளிது. நுவரெலியாவுக்குப் போவோர் இறங்க வேண்டிய நிலையம் நானுஓயா. அங்கிருந்து நகருக்குச் சில கிலோமீற்றர் வேறு வாகனத்தில் போக வேண்டும். 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் எல்ல நிலையத்துக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிறது. கண்டிப் பக்கமிருந்து வந்து எல்லவில் இறங்கிவிடுபவர் அந்தப் பாலத்தைப் புகையிரதத்தில் கடப்பதே இல்லை. ஆசைப்படுகிறவர்கள் தெமோதரை வரையாவது சீட்டு எடுக்க வேண்டும். டித்வா புயலில் இந்தத் தண்டவாளம் பல இடங்களில் சேதமடைந்ததால், உங்கள் நாளில் புகையிரதம் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்த பின்னரே அறைக்கு முற்பணம் கொடுங்கள்.

வான் பிடிப்பதானால் அது வாடகைக்கு ஓடும் வாகனமாகக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தையே வாங்கிப் பாருங்கள். நமது சமதரை வீதிகளில் மட்டும் ஓட்டிப் பழகியவர் றம்பொடைச் சரிவில் பிரேக்கை இடைவிடாமல் மிதித்துச் சூடாக்கிவிடுவார். மலைவீதி பழகிய சாரதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவன்று.

கேள்வி: அங்கே தேயிலையும் ஸ்வெற்றரும் வாங்குவது லாபமா? (நிலாவெளி)

பதில்: ஸ்வெற்றரை அங்கேயே, நுவரெலியா நகரின் பேல் பஜாரில் வாங்குங்கள், நமது ஊரில் தேடி அலைவதைவிடத் தெரிவும் அதிகம், பேரம் பேசவும் இடமுண்டு. தையலையும் ஸிப்பையும் கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும் முதல் இரவுக்கு மட்டும் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு போக வேண்டும்.

தேயிலைக்கு இது நல்ல காலம். ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட குளிர்காற்றில்தான் நுவரெலியா, திம்புள்ளப் பகுதிக் கொழுந்து சிறந்த மணத்தைப் பெறுகிறது. ஊவாப் பகுதிக்கு அந்தப் பருவம் ஜூலை முதல் செப்ரெம்பர் வரை. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை உள்ள பொதி, முழுவதும் இலங்கைத் தேயிலை என்பதற்கும் இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கும் அடையாளம். வீதியோரத்தில் பெயரும் திகதியும் இல்லாமல் விற்கும் தூளில் குறை கண்டால் முறையிட ஆளே இல்லை. பால் தேநீருக்கு பி.ஓ.பி.எவ். போன்ற சிறு துணுக்குத் தரமும், பால் இல்லாமல் குடிப்பவர்களுக்குச் சற்றுப் பெரிய இலையும் பொருந்தும். நமது கடற்காற்றின் ஈரத்தில் தேயிலையின் மணம் விரைவில் போய்விடும் என்பதால், பெரிய பொதி ஒன்றை வாங்காமல் சிறு பொதிகளாக வாங்கி, பிரித்ததை இறுக மூடும் தகர டின்னில் வைத்துப் பயன்படுத்துங்கள்.