அம்மாவின் விசாவில் மகன் சேர்ந்து போக முடியுமா?

கேள்வி: நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். வயது 38. முதல் கல்யாணம் பதிவுத் திருமணம், நீதிமன்றத்தில் விவாகரத்தாகிவிட்டது. அதில் பிறந்த மகனுக்கு 15 வயது. போன வருடம் அமெரிக்காவில் இருக்கும் தமிழர் ஒருவரை ஹட்டனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவர் அமெரிக்கப் பிரஜை. எனக்கு மனு போட்டிருக்கிறார். மகன் என் ஃபைலிலேயே சேர்ந்து வந்துவிடுவான், தனியாக ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று இங்குள்ள முகவர் சொல்கிறார். மகனின் தகப்பன் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தேன். அப்போது வயதை மூன்று வருடம் கூட்டித்தான் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார்கள். இதனால் பிரச்சினை வருமா? மகனுக்கு அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சையும் இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் மகனின் விஷயம். முகவர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. கணவர் அமெரிக்கப் பிரஜையாக இருந்தால், மனைவிக்குப் போட்ட மனுவில் பிள்ளை தானாகச் சேராது. மகனுக்கென்று தனியாக ஒரு ஐ-130 மனுவை, அதாவது உறவினருக்கான மனுவை, உங்கள் கணவர் போட வேண்டும். இன்றிரவு அவரோடு பேசும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.

முகவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரிகிறது. க்ரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவிக்கு மனு போட்டால், 21 வயதுக்குக் குறைந்த, கல்யாணமாகாத பிள்ளை அந்த மனுவிலேயே சேர்ந்து போகலாம். அப்படிப் போன குடும்பத்தைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் அதுதான் சட்டம் என்று நினைத்திருப்பார். பிரஜை தன் மனைவிக்கோ 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ போடும் மனுவில் விசாவுக்கு வருடக்கணக்கான வரிசை இல்லை. ஆனால் ஆளுக்கொரு மனு வேண்டும். இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: க்ரீன் கார்டில் இருந்தபோது மனு போட்டு, இடையில் கணவர் பிரஜையாகிவிட்டால், அதுவரை அம்மாவின் மனுவில் சேர்ந்திருந்த பிள்ளைக்கு அந்த வழி அடைபட்டுவிடும். அன்றே புது மனு போட வேண்டும். பல குடும்பங்களுக்கு இது நேர்காணல் நெருங்கும்போதுதான் தெரியவருகிறது.

உங்கள் மகனை உங்கள் கணவர் தத்தெடுக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்குமுன் அம்மாவின் கல்யாணம் நடந்திருந்தால் போதும், அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அவனை அவருடைய மாற்றுப் பிள்ளையாக (ஸ்டெப் சைல்ட்) ஏற்கும். உங்கள் கல்யாணத்தின்போது அவனுக்கு 14 வயதுதான் இருந்திருக்கும். ஆகவே அந்தக் கவலை வேண்டாம். 21 வயதுக் கணக்கும் மனு போட்ட தேதியோடு நின்றுவிடும். மனுவோடு மகனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், உங்கள் முதல் கல்யாணம் முடிந்ததற்கான ஆவணம், கணவருக்கும் முன்பு கல்யாணம் ஆகியிருந்தால் அது முடிந்ததற்கான ஆவணம் ஆகியவை போக வேண்டும். சிங்களத்திலோ தமிழிலோ இருப்பதற்கெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள்.

இனி விவாகரத்துப் பத்திரம். அதைக் கையில் எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். நம் நாட்டு மாவட்ட நீதிமன்றம் முதலில் கொடுப்பது நிசி தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அது அப்சலூட், அதாவது இறுதித் தீர்ப்பு, ஆகும். அப்சலூட் ஆகும்வரை சட்டப்படி நீங்கள் பழைய கணவரின் மனைவிதான். நிசி கிடைத்த அன்றே "கேஸ் முடிந்தது" என்று வீட்டுக்கு வந்துவிடுபவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். உங்கள் விவாகச் சான்றிதழில் உள்ள தேதி அப்சலூட் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இருந்தால், நீதிமன்றப் பதிவகத்தில் அப்சலூட் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி எடுத்து வையுங்கள். முந்தியதாக இருந்தால் இரண்டாவது கல்யாணமே செல்லாது. அதை மூடி மறைத்துக்கொண்டு போக முடியாது. அப்சலூட் ஆனபின் மீண்டும் சட்டப்படி பதிவு செய்து, அந்தக் கல்யாணத்தை வைத்து இரண்டு மனுக்களையும் புதிதாகப் போட வேண்டும். மகனுக்கு 15 வயதுதான் என்பதால் அதற்கும் காலம் இருக்கிறது. ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

முதல் கல்யாணம் கோயிலில் மட்டும் நடந்து பதிவாகாமல் போன பெண்களும் தோட்டங்களில் உண்டு. அவர்கள் விண்ணப்பத்தில் "முன்பு கல்யாணம் ஆகவில்லை" என்று எழுதுவதற்குமுன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று அதிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே "ஆம்" என்றும் விசா விண்ணப்பத்தில் "இல்லை" என்றும் இருந்தால், நேர்காணலில் கேள்வி அங்கேதான் தொடங்கும். பிள்ளை கல்யாணத்துக்கு வெளியே பிறந்ததென்பது மாற்றுப் பிள்ளை விசாவுக்குத் தடையல்ல, சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆகவே உள்ளதை எழுதுவதில் நஷ்டம் எதுவுமில்லை.

தகப்பன் எங்கே என்று தெரியாத விஷயம் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் வந்து நிற்கும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இரு பெற்றோரின் சம்மதத்தையும் கேட்கும். விவாகரத்தானவர் என்றால் பிள்ளையின் பொறுப்பு, அதாவது கட்டுக்காப்பு, யாருக்கு என்ற நீதிமன்றக் கட்டளையைக் காட்ட வேண்டும். உங்கள் தீர்ப்பில் மகனைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் கட்டுக்காப்புக் கட்டளைக்கு விண்ணப்பியுங்கள். தகப்பனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை நீதிமன்றத்துக்கு எப்படிக் காட்டுவது என்று சட்டத்தரணி சொல்லித்தருவார். நீதவான் நீதிமன்றத்தில் வாங்கிய தாபரிப்புக் கட்டளையைக் கொண்டுபோய் "இதுதான் கஸ்டடி" என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது மாதாமாதம் பணம் கட்டச் சொல்லும் கட்டளை, பிள்ளையை யார் வைத்திருப்பது என்பதற்கு அது ஆதாரமாகாது. மகனுக்கு 16 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். தூதரக அதிகாரியும் அதே கேள்வியைக் கேட்கலாம், தகப்பன் பிறகு திரும்பி வந்து வழக்குப் போடவும் கூடும். பிள்ளையைச் சட்டவிரோதமாக நாடுவிட்டு நாடு கொண்டுபோவதைத் தடுக்கும் ஹேக் உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்காகத்தான் வந்தது. கட்டுக்காப்புக் கட்டளை கையில் இருந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

பெயர்களை மிகவும் நிதானமாகப் பாருங்கள். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்களில் நான் அடிக்கடி காணும் சிக்கல் இது. அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, மகனின் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயரே மூன்றாவது மாதிரி. "ராமையா" என்று நாம் ஒரே மாதிரிச் சொல்லும் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். நமக்கு அது ஒரே ஆள். கொழும்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கு இரண்டு பேர். மகனின் சான்றிதழில் தாயின் பெயர் என்று இருக்கும் இடத்தையும் உங்கள் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். உங்கள் வழியாகத்தான் கணவருக்கும் மகனுக்கும் உறவு; அந்த ஒரு பெயர் பிசகினால் மனு முழுவதும் ஆட்டம் காணும். எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். பெயரே வேறாக இருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அது இழுபடும் வேலை, ஆகவே இப்போதே தொடங்குங்கள். பிறப்புப் பதிவே இல்லாமல் உத்தேச வயதுப் பத்திரம் மட்டும் வைத்திருப்பவர்களும், பிறந்து பல வருடம் கழித்துப் பதிந்தவர்களும் பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் அட்டை, ஞானஸ்நானப் பதிவு போன்ற பழைய ஆதாரங்களைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.

குவைத் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 18 வயதுப் பிள்ளையின் வயதை 21 ஆக்கி விமானம் ஏற்றியவர்கள் முகவர்கள். நீங்கள் குடும்பத்துக்காக உழைக்கப் போனீர்கள். அன்று குவைத்துக்காகக் கொடுத்த பிழையான பிறந்த தேதி, அமெரிக்க விசா பெறுவதற்காகச் சொன்ன பொய் அல்ல. ஆனால் இப்போது விசா விண்ணப்பத்தில் அதை மறைத்தால், அது அமெரிக்காவிடம் சொன்ன பொய்யாகிவிடும். ஆயுளுக்கும் விசா மறுக்கப்படக் கூடிய குற்றம் அது. 16 வயதுக்குப் பின் 12 மாதமோ கூடுதலாகவோ வாழ்ந்த ஒவ்வொரு வெளிநாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் குவைத் எப்படியும் வெளியே வரும். அந்தச் சான்றிதழ் பழைய பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த தேதியோடுதான் வரும். எனவே டிஎஸ்-260 விண்ணப்பத்தில் குவைத்தில் வாழ்ந்த காலத்தையும் வேலையையும் உள்ளபடி எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். என்ன நடந்தது, யார் தேதியை மாற்றினார்கள், உண்மையான தேதி எது என்று ஒரு பக்கத்தில் சத்தியக்கடதாசி எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு இணையுங்கள். பெயரும் மாற்றப்பட்டிருந்தால் "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் அதையும் எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும், உங்கள் கணவர் அங்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் காசு கொடுத்து ஆலோசனை பெறுவது நல்லது.

இலங்கைப் பொலிஸ் சான்றிதழ் கொழும்புப் பொலிஸ் தலைமையகத்திலிருந்து வரும். மகனுக்கு இப்போது வேண்டாம். நேர்காணலுக்குமுன் 16 ஆகிவிட்டால் அவனுக்கும் எடுக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஐ-130 இணையத்தில் போட்டால் 625 டொலர், கடதாசியில் போட்டால் 675. மனு அங்கீகாரமானபின் அமெரிக்காவின் தேசிய விசா மையம் ஆளுக்கு 325 டொலர் விசாக் கட்டணமும், ஆதரவுப் பத்திரத்துக்கு (வருபவரைப் பராமரிப்பேன் என்று கணவர் கையெழுத்திடும் பத்திரம்) 120 டொலரும் கேட்கும். கட்டுவதற்குமுன் அன்றைய கட்டணத்தை அரசாங்க இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசா மையத்துக் கட்டணங்களை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில்தான் கட்ட முடியும். ஆகவே ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு "எம்பசிக்குக் கட்ட வேண்டும்" என்று ரூபாயாகக் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கணவர் அங்கிருந்து கட்டுவார், ரசீதும் அவர் பெயரில் வரும்.

கணவர் ஐ-864 ஆதரவுப் பத்திரமும் உங்களுக்கொன்று, மகனுக்கொன்று என்று இரண்டு கொடுக்க வேண்டும். மூன்று பேர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டின் வறுமைக்கோட்டுக் கணக்கில் வருட வருமானம் ஏறத்தாழ 33,312 டொலர் இருக்க வேண்டியிருந்தது. குறைந்தால் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்திடலாம்.

உங்கள் மனு முந்திப் போட்டதால் மகனுடையது பின்னால்தான் வரும். இருவருடைய ஃபைலையும் சேர்த்து அனுப்பும்படி விசா மையத்துக்கு எழுதிக் கேட்கலாம். மகனின் மனு வந்துசேரும்வரை உங்கள் ஆவணங்களைச் சமர்ப்பிக்காமல் தாமதிக்கவும் செய்யலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது அவர்களோடு தொடர்பு வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மருத்துவப் பரிசோதனை தூதரகம் நியமித்த வைத்தியரிடம் மட்டுமே. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. மகனின் தடுப்பூசி அட்டை பாடசாலையிலோ கிளினிக்கிலோ கிடந்தால் இப்போதே தேடி எடுத்துவிடுங்கள்.

ஓ.எல். பரீட்சையைக் கட்டாயம் எழுதட்டும். விசா கிடைத்தபின் பயணம் செய்யப் பொதுவாக ஆறு மாதம்வரை அவகாசம் இருக்கும், அதற்குள் பரீட்சை முடியுமாறு நேர்காணலைத் திட்டமிடலாம். நீங்கள் முதலில் போய் மகன் பிறகு வருவதானால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் நிறைவதற்குமுன் அமெரிக்காவுக்குள் போனால் இரண்டு வருட நிபந்தனைக் க்ரீன் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்க ஐ-751 போட வேண்டும். மகனுக்கும் நிபந்தனைக் கார்டு கிடைத்து, உங்களோடு அல்லது உங்களுக்குப் பின் 90 நாட்களுக்குள் அவன் வந்து சேர்ந்திருந்தால், உங்கள் ஐ-751இலேயே அவன் பெயரையும் சேர்க்கலாம். அதற்குப் பிந்தி வந்தால் அவனுக்குத் தனியாகப் போட வேண்டும்.

இன்னொன்று: அமெரிக்கப் பிரஜையின் பெற்ற பிள்ளைக்குத் தானாகக் கிடைக்கும் குடியுரிமை மாற்றுப் பிள்ளைக்குக் கிடைக்காது. உங்கள் மகன் க்ரீன் கார்டோடு இருந்து, 18 வயதுக்குப் பின் தானாக விண்ணப்பித்தோ, அதற்குமுன் நீங்கள் பிரஜையாகி உங்கள் வழியாகவோதான் குடியுரிமை பெறுவான். அதுவரை அவனுடைய இலங்கைப் பாஸ்போர்ட்டைக் காலாவதியாக விடாதீர்கள்.